இருமொழி அறிவும் உயர் பதவியும்

2011-ஆம் ஆண்டின் இறுதியிலே கனடா தேசத்தின் தலைமைத் தணிக்கை அதிகாரியாக மைக்கேல் பெர்கூசன் என்பவர் நியமிக்கப்பட்டபோது, அவருடைய கணக்கறிவையோ நேர்மையையோ எவரும் சந்தேகிக்கவில்லை. ஆயினும், அந்தப் பதவிக்கான விளம்பரத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரண்டு மொழிகளிலும் தேர்ச்சி அவசியம் என்று கண்டிருக்க, பிரெஞ்சிலே உரையாடும் திறனில்லாத ஒருவரை அரசாங்கம் எந்த நியாயத்தைக் கொண்டு தேர்ந்தெடுத்தது என்ற கேள்வி பார்லிமெண்டிலே பலமாக எழுந்தது. அவர் அதுவரை உத்தியோகம் பார்த்துவந்த நியூ பிரன்ஸ்விக், அந்நாட்டின் பத்து மாகாணங்களுள் இரு மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றுக்கொண்ட ஒரே மாகாணம் என்பது அந்தக் கேள்வியை மேலும் கூர்மையாக்கிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் சட்டம் பிறந்தது. தணிக்கை அதிகாரி, தலைமைத் தேர்தல் அதிகாரி, தகவல் ஆணையர் முதலான பத்துப் பதவிகளுக்கு வருகிறவர்கள் நியமனம் பெறும் வேளையிலேயே இரு மொழிகளையும் அறிந்தவர்களாக இருத்தல் வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டிலே விதிக்கப்பட்டது.

இவ்விதியின் வேர் 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில் இருக்கிறது. அச்சட்டம் ஒவ்வொரு பிரஜையும் இரண்டு மொழிகளைக் கற்க வேண்டுமென்று சொல்லவில்லை. பிரஜை தன் மொழி ஒன்றோடு நிம்மதியாக வாழும்பொருட்டு, இரண்டு மொழிகளைச் சுமக்கும் பாரத்தை அரசாங்கம் தன் தோளில் ஏற்றுக்கொண்டது என்பதே அதன் கருத்து. இந்த ஏற்பாடு கீழ்நிலை அலுவலகங்களிலே சிரமமின்றி நடைபெறக்கூடும். ஒரு குமாஸ்தாவுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் அடுத்த மேஜையில் இருப்பவருக்குத் தெரியும், வந்தவரை அங்கே அனுப்பிவிடலாம். தலைமைப் பதவியிலே அமர்பவர் ஒருவரே. அவருக்கு அடுத்த மேஜை என்று ஒன்று இல்லை. மேலும், தலைவருக்கு விளங்காத மொழியில் எந்தச் சிப்பந்தியும் குறிப்பெழுதத் துணியமாட்டான் ஆதலால், உச்சியிலே இருப்பவரின் ஒருமொழி நாளடைவில் அலுவலகம் முழுவதற்கும் மொழியாகிவிடுகிறது; அச்சமயத்தில், தம் மொழியிலேயே வேலை பார்க்கலாம் என்று பிற்காலச் சட்டம் பிரெஞ்சு ஊழியர்களுக்குக் கொடுத்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது. இருமொழி நிபந்தனைக்குச் சொல்லப்படும் காரணங்களுள் இதனையே நான் மிகவும் கனமானதாகக் கருதுகிறேன்.

நீதிபதிகளின் விஷயத்திலே இக்காரணம் இன்னும் ஆழமாகிறது. கனடாவின் மத்திய சட்டங்கள் இரண்டு மொழிகளிலும் இயற்றப்படுகின்றன. ஒன்று மூலம், மற்றது மொழிபெயர்ப்பு என்ற பேதம் அங்கே கிடையாது, இரண்டுமே சம அதிகாரம் உடையவை. ஆகவே ஒரு விதியின் பொருளில் ஐயம் தோன்றுமானால், இரு வடிவங்களையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் பொதுவான பொருள் யாது என்று ஆராய்வது நீதிபதியின் நித்திய கடமையாகிறது. பாதிச் சட்டத்தைத் தாமே படிக்க இயலாத ஒருவர் அக்கடமையை எவ்வாறு ஆற்றுவார்? துபாஷிகள் இருக்கிறார்கள் என்பது வழக்கமான சமாதானம். துபாஷி வாய்மொழி வாதத்தை மாற்றித் தரலாம். வழக்கறிஞர் தயங்கிய இடத்தையும் அழுத்திச் சொன்ன இடத்தையும், கட்டுக்கட்டான ஆவணங்களையும், சக நீதிபதி எழுதி அனுப்பும் வரைவுத் தீர்ப்பின் நுட்பத்தையும் அவர் தருவதற்கில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவிலே கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், பிரெஞ்சு அறிந்த நீதிபதியும் ஜூரிகளும் தம்மை விசாரிக்க வேண்டுமென்று கேட்டு மறுக்கப்பட்ட வழக்கில், 1999-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியுமா என்பது பொருட்டே அன்று என்றும் அது கூறியது. அத்தகைய தீர்ப்பை வழங்கிய மன்றமே, வழக்கின் மொழியை நேரே அறியும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றிருந்ததுதான் விசித்திரம். வழக்கின் மொழியைத் துபாஷியின்றி அறிந்துகொள்ளும் நீதிபதியே அதனைக் கேட்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற மத்திய நீதிமன்றங்களுக்கு விதித்துவிட்டுச் சுப்ரீம் கோர்ட்டை விட்டுவைத்தது. 2023-ஆம் ஆண்டிலே அந்த விலக்கு நீக்கப்பட்டது. அது நியாயமான காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இந்த நிபந்தனையின் குறைகளை அதன் ஆதரவாளர்கள் போதிய சிரத்தையோடு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. 2021-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி கனடா மக்களுள் நூற்றுக்குச் சுமார் பதினெட்டுப் பேரே இரு மொழிகளிலும் உரையாட வல்லவர்கள். பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள கியூபெக் மாகாணத்திலே அது நூற்றுக்கு 46-க்கு மேல், கியூபெக்குக்கு வெளியே 10-க்கும் குறைவு. அதாவது, மேற்கு மாகாணங்களில் வளர்ந்த ஒரு திறமைசாலிக்கு உச்ச பதவியின் கதவு பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது; அவர் செய்த குற்றம் பிறந்த ஊரைத் தவிர வேறொன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு விடையாக, நூறாண்டுக்கு மேல் இதே கதவு தங்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்ததைச் சொல்லுவார்கள்; அது உண்மையே. ஆயினும் பழைய அநீதியைச் சுட்டிக்காட்டுவதால் புதிய அநீதி நியாயமாகிவிடாது.

இவ்விரு கட்சிகளுக்கும் புறம்பே மூன்றாம் கட்சி ஒன்று இருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரலாகிய மேரி சைமன், அப்பதவிக்கு வந்த முதல் பழங்குடிப் பெண்மணி. கியூபெக்கின் வடகோடியிலே பிறந்து, இனுக்டிடூட் என்னும் தம் மொழியையும் ஆங்கிலத்தையும் அறிந்தவர். அவருக்குப் பிரெஞ்சு தெரியவில்லை என்று ஆட்சிமொழி ஆணையரிடம் ஆயிரத்துக்கும் அதிகமான முறையீடுகள் சென்றன. சிறு வயதில் தாம் பயின்ற மத்திய அரசாங்கப் பள்ளிக்கூடத்திலே பிரெஞ்சு கற்கும் வாய்ப்பே தமக்கு அளிக்கப்படவில்லை என்று அவர் சொன்னார். அரசாங்கம் தன் கையால் நடத்திய பள்ளியிலே கற்பிக்காத ஒன்றை, அதே அரசாங்கம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் யோக்கியதையாகக் கேட்பதென்றால், அக்கேள்வி கூசாமல் கேட்கத்தக்கதா? அன்றியும் அவர் இருமொழி அறிந்தவரே. அவருடைய இரண்டாவது மொழி சட்டத்தின் பட்டியலில் இல்லை, அவ்வளவே.

ஆகவே, நிபந்தனை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, எந்தப் பதவிக்கு எந்த வேளையில் வேண்டும் என்பதே ஆராயத்தக்கது என்று நினைக்கிறேன். நீதிபதிக்கு முதல் நாளிலிருந்தே அது வேண்டும். நீதிபதி பாடம் படித்து முடிக்கும்வரை வழக்காளி காத்திருக்க முடியாது. ஆனால் அவர் பிரெஞ்சிலே சொற்பொழிவாற்ற வேண்டும் என்பதில்லை; படித்தும் கேட்டும் ஐயமற உணர்ந்துகொள்ளும் ஆற்றலே முக்கியம். தணிக்கை அதிகாரி போன்றவர்களுக்கோ ஒரு தவணை கொடுக்கலாம். பெர்கூசன் பதவியேற்ற பின் முயன்று படித்து, நிருபர்களின் கேள்விகளுக்குப் பிரெஞ்சிலே விடையளிக்கும் நிலையை எய்தினார். 2019-ஆம் ஆண்டில் பதவியிலிருக்கும்போதே காலமாகும்வரை, தயவுதாட்சண்யம் இல்லாத தணிக்கையாளர் என்று பெயர் பெற்றிருந்தார். அவரை வைத்துப் பிறந்த சட்டம், அவரைப் போன்ற இன்னொருவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நம் நாட்டிலே ஐ.ஏ.எஸ். அதிகாரியைத் தேர்ந்தெடுத்த பிறகே, அவர் போகவிருக்கும் மாநிலத்தின் மொழியைக் கற்பித்துப் பரீட்சை வைக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்படும் வட நாட்டவர் தமிழ் கற்பது இவ்வகையிலேதான். உத்தியோகத்தின் தொடக்கத்திலே கற்பிக்கும் இந்த முறையில் பல குறைகள் இருக்கலாம். ஆயினும் மொழியைத் தடையாக வைக்காமல் கடமையாக வைக்கும் தன்மை அதற்கு உண்டு.

பிரதம மந்திரி முதலிய தேர்தல் பதவிகளுக்கு இவ்விதியை நீட்டுவது தகாது. கனடாவின் அரசியல் சாசனம் அவர்களிடம் இதைக் கேட்கவில்லை. கியூபெக் வாக்காளர் கேட்கிறார், பிரெஞ்சிலே நடக்கும் தேர்தல் விவாதத்தில் தடுமாறுகிறவர் அதன் பலனை அனுபவிக்கிறார். அந்தப் பரீட்சை போதும்.

எஞ்சுவது, இந்த மொழியறிவை எவரும் பெறுவதற்கு வழியாகிய பள்ளிக்கூடம். எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் வகுப்புகளை, 1965-ஆம் ஆண்டிலே மாண்ட்ரியலுக்கு அருகிலுள்ள செயின்ட் லாம்பெர்ட்டில் ஆங்கிலப் பெற்றோர்களே கேட்டுப் பெற்றார்கள். இன்று அவை நாடெங்கும் பரவியிருந்தும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில ஊர்களில் இடம் போதாமையால் எந்தக் குழந்தைக்கு இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். மொழிச் சட்டத்தை இயற்றுவது தலைநகராகிய ஒட்டாவா, பள்ளிகளை நடத்துவது மாகாணங்கள். ஒட்டாவா தருகிற மானியமோ, கேட்கும் குழந்தைகள் அனைவருக்கும் ஆசிரியரைத் தேடித் தரும் அளவுக்கு இல்லை. நீதிபதியிடம் பிரெஞ்சைக் கேட்கும் உரிமையை 2023-ஆம் ஆண்டிலே தனக்கு எடுத்துக்கொண்ட பார்லிமெண்டு, அந்தக் குலுக்கலை ஒழிப்பதற்கு வேண்டிய பணத்தையும், கியூபெக்கின் வடகோடியிலுள்ள நூனாவிக் முதலிய வடபுலப் பகுதிகளின் பள்ளிகளிலே இனுக்டிடூட்டுடன் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கற்பிப்பதற்கு வேண்டிய பணத்தையும் அந்தச் சட்டத்தோடு சேர்த்தே ஒதுக்கியிருக்க வேண்டும்.