வெயிலை முதுகில் வாங்கும் புல்

பூச்செடிக்கு வைக்கும் அளவுகோலால் அளந்தால் உயரப் புல் தோற்றுவிடும். நிறம் என்று சொல்ல வைக்கோல் மஞ்சளும் மங்கிய செம்பழுப்பும்தான், மணமும் இல்லை. ஆனாலும் ஐரோப்பாவின் தேர்ந்த தோட்டக்காரர்கள் சிலர் அதற்குத் தோட்டத்தின் நடு இடத்தையே கொடுத்தார்கள். அவர்கள் தேடியது வெளிச்சம். சூரியன் பின்னால் இருக்கையில் கதிரின் மெல்லிய மயிர்கள் பற்றி எரிவதுபோல் ஒளிரும். அதே சூரியன் பார்ப்பவரின் முதுகுப்பக்கம் போய்விட்டால் அது வெறும் மாட்டுத்தீவனம். ஆகவே ரகத்தைத் தேர்வதற்கு முன்பே, எங்கிருந்து எந்த வேளையில் பார்க்கப்போகிறோம் என்று முடிவுசெய்தாக வேண்டும். இந்தக் கலை நெதர்லாந்திலும் வட ஜெர்மனியிலும் செழித்ததற்கு வானமும் ஒரு காரணம் என்பேன். அங்கே டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானுக்கு மேல் 15 பாகை அளவே ஏறுகிறது. பகல் முழுக்கச் சாய்வெயில்.

போட்ஸ்டாமின் போர்னிமில் நாற்றுப்பண்ணை நடத்திய கார்ல் ஃபோர்ஸ்டர் (1874–1970), புற்களையும் பெரணிகளையும் பற்றி 1957இல் தனி நூலே எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய கலமக்ராஸ்டிஸ் கலப்பினம் ஐந்தடிக்கு விறைப்பாக நிற்கும்; கோடைத் தொடக்கத்தில் ஊதாச் சாயலோடு விரியும் கதிர், பிறகு ஒடுங்கிப் பொன்னிறமாகிக் குளிர்காலம்வரை அப்படியே இருக்கும். ஜப்பானியர் இலையுதிர்காலத்தில் நிலாவைக் காணும் விழாவுக்கு வைக்கும் புல் மிஸ்காந்தஸ். லேர் நகரின் எர்ன்ஸ்ட் பாகெல்ஸ் அதிலிருந்து, வடக்கின் குறுகிய கோடைக்குள்ளேயே பூத்துவிடும் ரகங்களை உருவாக்கினார். டச்சுத் தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடோல்ஃப் விரும்பி நடுபவற்றில் எனக்கு உயர்வாகத் தோன்றுவது மொலினியா 'டிரான்ஸ்பேரன்ட்'. இலைக்கற்றை இடுப்புக்குக் கீழேயே அடங்கிவிடும். தாள்கள் மட்டும் ஆறடிக்கு எழும். அவற்றின் ஊடே பின்னால் உள்ள பூக்கள் தெரிவதால், உயரமானதைப் பின்வரிசையில் வை என்ற பழைய விதியை மீறி இதை முன்னாலேயே நடலாம்.

காய்ந்த செடியை மாதக்கணக்கில் விட்டுவைப்பது வெறும் சோம்பல் என்பார்கள். அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நியூயார்க்கில் 1980இல் ரயில் நின்றுபோன மேம்பாலப் பாதையில் தானாக முளைத்த புல்பூண்டுகளே, 2009இல் திறந்த ஹை லைன் பூங்காவில் அவுடோல்ஃப் செய்த நடவுக்குத் தூண்டுதல். அங்கே காய்ந்த புல் குளிர்காலம் முழுக்க நிற்கிறது. வசந்தம் தொடங்கும்போது ஊழியரும் தன்னார்வலரும் சேர்ந்து அறுக்கிறார்கள். புதுத்தளிர் எழுமுன் அறுத்தாக வேண்டும். தாமதித்தால் அரிவாள் தளிரின் நுனியையும் சேர்த்து வாங்கிவிடும். உரம் கூடினாலோ நிழல் விழுந்தாலோ தாள் துவண்டு, நல்ல மழை ஒன்றிலேயே சாயும். ஜனவரியிலும் நிமிர்ந்திருக்கும் தூர் சோம்பேறியின் தோட்டத்தில் கிடைக்காது.

இந்தப் புற்கள் களையாகப் பரவுமே என்ற ஆட்சேபத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. தென் அமெரிக்காவின் பாம்பாஸ் புல் நியூசிலாந்திலும் கலிஃபோர்னியாவிலும் தோட்டம் தாண்டிப் போய்விட்டது. நியூசிலாந்தில் அதை விற்கவே தடை. அதன் வெண்தோகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அத்தகைய இடங்களில் அதற்காக வாதாட மாட்டேன். மிஸ்காந்தஸும் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் சந்தேகத்துக்குரியதே. ஃபோர்ஸ்டரின் புல்லில் அந்தக் கவலை இல்லை. அதற்கு முளைக்கும் விதை கிடையாது. புதிய கன்று வேண்டுமென்றால் மண்வெட்டியால் தூரைப் பிளந்துதான் எடுக்க வேண்டும்.