அட்டைப்படத்தோடு நின்றுவிடும் பேச்சு

அறிவியல் புனைவும் மிகுபுனைவும் படிக்கிற கூட்டம் எந்த ஊரிலும் சிறியதுதான். பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமில் இன்னும் சிறியது. துறைமுகத்தையும் மாக் மண்டின் தொழிற்சாலைகளையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. பெரிய நூலகம் வேண்டுமென்றால் செபராங் ஜெயாவுக்குப் போக வேண்டும். ஆங்கிலப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போக வேண்டும். அப்படியிருந்தும் டிராகன்களையும் விண்கலங்களையும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிற இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அவர்கள் அடையாளம் கண்டுகொள்வது, தற்போது கையில் ஓடிக்கொண்டிருக்கும் புத்தகத்தை வைத்துத்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டைப்படம் வந்து விழும். பெரும்பாலும் பெர்ரியின் கம்பியோரம் பிடித்து எடுத்த படமாக இருக்கும். பின்னால் ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரம் மங்கலாகத் தெரியும். கீழே இரண்டு கட்டைவிரல்கள். "எப்படி இருக்கு?" என்று ஒருவர் கேட்பார். "இப்பதான் ஆரம்பிச்சேன்ணே, நல்லா போகுது" என்று பதில் வரும். அத்தோடு சரி. மூன்று வாரம் கழித்து அதே ஆளிடமிருந்து வேறோர் அட்டைப்படம் வரும். முதல் புத்தகம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதி கவனிப்பாரற்றுக் கிடப்பதால் அதிகம் நட்டப்படுகிறவர்கள், தமிழில் இந்த வகைக் கதைகளை எழுதுகிறவர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புதுப் புத்தகத்தின் விலை கையைக் கடிக்கிற இடத்தில் யாரிடம் எது இருக்கிறது என்ற தகவலே பாதி நூலகம். பினாங்கு ரோட்டில் சௌரஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. மிகுபுனைவுத் தொடர் படிக்கிறவர்களுக்கு அங்கே ஒரு சோதனை காத்திருக்கும்: மூன்றாம் பாகம் கிடைக்கும், ஐந்தாம் பாகம் கிடைக்கும், முதல் பாகம் மட்டும் கிடைக்காது. ராபர்ட் ஜோர்டன் தொடங்கி, அவர் மறைவுக்குப் பிறகு பிராண்டன் சாண்டர்சன் 2013இல் முடித்து வைத்த 'வீல் ஆஃப் டைம்' வரிசையில் 14 பாகங்கள். தனியாளாக அவ்வளவையும் தேடிச் சேர்ப்பது ஆகிற காரியமில்லை. குழுவில் ஒருவர் "இதைப் படிச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொன்ன மறு நிமிடம், அடுத்த பாகம் யார் வீட்டு அலமாரியில் தூங்குகிறது என்பது தெரிந்துவிடும். கடையும் விமர்சகரும் எட்டிப் பார்க்காத இடத்தில் வாசகர்கள் தாங்களே விநியோகத்தை எடுத்து நடத்துகிறார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

இன்னொன்றும் உண்டு. பாதிப் புத்தகத்தில் இருக்கிறவரின் பேச்சில் ஒரு வெள்ளந்தித்தனம் இருக்கும். முடித்தபின் எழுதும் மதிப்புரையில் நாம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுகிறோம். முடிவு பிடித்துவிட்டால் நடுவில் கொட்டாவி விட்டதை மறந்துபோகிறோம். எண்பதாம் பக்கத்தில் இருக்கிறவர் "ஆளுங்க பேரு ஒண்ணுமே மனசுல நிக்க மாட்டேங்குது" என்று சொன்னால், அந்த எழுத்தாளரின் பாத்திர வார்ப்பைப் பற்றி அதைவிட நேர்மையான சாட்சியம் கிடைக்காது. இந்தப் பழக்கத்தின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பலத்தைத்தான் நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

இந்த வகை எழுத்தின் ரசிகர் கூட்டமே இப்படிப்பட்ட பேச்சிலிருந்து பிறந்ததுதான். ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் அமெரிக்காவில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழ், வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டது. முகவரியைப் பார்த்து வாசகர்கள் நேரடியாகவே ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். சங்கங்களும் கையிதழ்களும் அப்படித்தான் உருவாயின. அந்தக் கடிதங்களில் பாராட்டோடு சண்டையும் இருந்தது. இந்தக் கதையின் அறிவியல் தப்பு, இந்த முடிவு ஏமாற்று என்று வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார்கள். நம் பக்கமும் இதற்கு முன்னோடி உண்டு. 1950களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்த கு. அழகிரிசாமி இலக்கிய வட்டம் நடத்தினார். படித்ததையும் எழுதியதையும் கொண்டுவந்து வைத்து அலசுகிற இடமாக அது இருந்தது. மலேசியச் சிறுகதை வளர்ந்த கதையைச் சொல்கிற யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. இரண்டிலும் புத்தகத்தின் பெயரைச் சொல்வது பேச்சின் தொடக்கமாக மட்டுமே இருந்தது.

இப்போது நடப்பதற்கு உதாரணமாக ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் வாழும் மலேசியரான ஜென் சோ, 2019இல் ஒரு குறுநாவலுக்காக, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது பெற்றவர். அவருடைய 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' 2021இல் வெளிவந்தது. அமெரிக்காவில் வளர்ந்த ஜெஸ் பெற்றோருடன் பினாங்குக்குத் திரும்பி வருகிறாள். செத்துப்போன பாட்டியின் குரல் அவள் காதுக்குள் பேசத் தொடங்குகிறது. பாட்டி உயிரோடிருந்தபோது ஒரு தெய்வத்தின் அருள் வந்து ஆடியவள். அந்தத் தெய்வத்தின் கோயில் இருக்கும் நிலத்தின்மேல் கட்டுமான முதலாளி ஒருவருக்குக் கண். இந்த அட்டைப்படம் எங்கள் குழுவில் வந்தபோது ஒரே ஆரவாரம். "நம்ம பினாங்குப்பா!" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஏழெட்டுப் பேர் வாங்கினார்கள், கைமாற்றினார்கள். பேச்சு "நம்ம பினாங்கு" என்ற இடத்திலேயே நின்றது.

பேச எவ்வளவோ இருந்தது. பாகான் டாலாமில் ஒரு தமிழ்ப் பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னால், இதில் மிகுபுனைவு எங்கே இருக்கிறது என்று கேட்பார். முனீஸ்வரன் இறங்கிக் குறி சொல்வதை அவர் பார்த்திருக்கிறார். காளி வந்த பெண்ணுக்கு வேப்பிலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இறந்தவர் வந்து பேசுவது அவருக்குக் குடும்பச் செய்தி. அப்படியானால் ஜென் சோவின் நாவலை லண்டன் வாசகர் படிப்பதும் நாம் படிப்பதும் ஒன்றாக இருக்க முடியுமா? அவருக்குப் புதுமையாக இருப்பது நமக்குப் பழக்கப்பட்டது. ஆகவே நம்மை உலுக்க ஆவி மட்டும் போதாது. அந்த ஆவியின் குணம் உலுக்க வேண்டும். நாவல் அதில் வென்றிருக்கிறதா என்பதை நம்மைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

ஜெஸ்ஸின் காதலி பெயர் ஷரண்யா. நம்மவர் பெயர் என்று பார்த்தவுடன் ஒரு மகிழ்ச்சி. ஆனால் கதையில் அவள் பெரும்பாலும் தொலைபேசியின் மறுமுனையில்தான் இருக்கிறாள். மறைத்து வைக்கப்பட வேண்டிய காதல் என்பதால் அந்தத் தூரம் கதைக்குத் தேவைதான் என்று வாதாடலாம். பினாங்கின் சீனக் குடும்பத்தை இவ்வளவு நுட்பமாக எழுதிய கை, ஷரண்யாவைக் கோட்டோவியமாக விட்டுவிட்டது என்றும் வாதாடலாம். நான் இரண்டாம் கட்சி. தோட்டங்கள் விற்கப்பட்டபோது கோயில்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அல்லாடிய சமூகம் நம்முடையது. நாவலில் கோயில் நிலத்துக்காக நடக்கும் சண்டை நமக்கு எதையும் நினைவூட்டவில்லையா? இவற்றில் ஒன்றையும் யாரும் எடுக்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்த ஒரு தங்கை மட்டும் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தாள். "அண்ணே, அந்தச் சாமிய விட அந்தக் கிழவிதான் எனக்குப் பயமா இருந்துச்சு. செத்தும் விட மாட்டேங்குறா. எங்க அப்பாயி மாதிரியே." முப்பது விநாடிகூட இல்லாத செய்தி. அந்த நாவலைப் பற்றி எங்கள் குழுவில் நடந்த ஒரே விமர்சனம் அதுதான். அதைக் கேட்டுவிட்டு இரண்டு பேர் புத்தகத்தைத் திரும்ப எடுத்தார்கள்.

பேச்சு ஏன் இப்படி அட்டையோடு நிற்கிறது? முதல் காரணம், கதையை உடைத்துவிடுவோமோ என்ற பயம். அறிவியல் புனைவில் அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. ஓர் உலகத்தின் விதி மெல்ல மெல்லத் தெரிய வருவதுதான் அதன் சுவையே. அதைப் போட்டு உடைப்பவரை மன்னிக்க முடியாது. ஆனால் ஒருவர் நாற்பதாம் பக்கத்தில், மற்றவர் முந்நூறாம் பக்கத்தில், மூன்றாமவர் இன்னும் வாங்கவேயில்லை என்றால், எல்லாரும் பேசக்கூடிய நாள் வரவே வராது. இந்தச் சிக்கல் நம் முந்தைய தலைமுறைக்கு இருக்கவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாசகர்கள் எல்லாருமே ஒரே வாரத்தில், ஒரே அத்தியாயத்தில் இருந்தார்கள். இதழ் இங்கே தாமதமாக வந்தாலும் எல்லாருக்கும் ஒரே தாமதம். ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு அடுத்த வாரம் என்ன ஆகும் என்று தெருவில் நின்று பேசலாம். 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் நாள்தோறும் வெளியிட்ட 'வெண்முரசு' நாவல் வரிசைக்கும் அப்படி ஒரு வாசகர் கூட்டம் சேர்ந்தது. ஒரே பக்கத்தில் இருப்பவர்களால்தான் பயமில்லாமல் பேச முடியும். ஆளுக்கொரு புத்தகம் என்பது சுதந்திரம்தான். அதற்கு நாம் கொடுக்கிற விலை பேச்சு.

இரண்டாவது, பாதியில் விட்டதைச் சொல்ல வெட்கம். தொடங்குவதை அறிவிக்கிறோம்; கைவிடுவதை ஒளிக்கிறோம். எனக்கு மிகவும் பயன்படக்கூடிய தகவல் அந்தக் கைவிடல்தான். ஐந்தாம் பாகத்தோடு ஒருவர் ஏன் ஒரு தொடரை மூடி வைத்தார் என்று தெரிந்தால், நான் முதல் பாகத்தை வாங்கலாமா என்று முடிவெடுக்கலாம். வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று எண்ணிக்கை வைத்து ஓடுகிறவர்கள் குழுவில் பெருகியபிறகு இந்த வெட்கம் கூடிவிட்டது. மெதுவாகப் படிக்கிறவர்கள் வாயே திறப்பதில்லை.

விருதுகள் இன்னொரு தொல்லை. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' 2023இல் வந்து, சிறந்த நாவலுக்கான நெபுலா விருதை வாங்கியது. மதமும் அரசும் கைகோத்துச் செய்யும் வன்முறையை மிகுபுனைவின் வழியாகச் சொல்லும் நாவல். இலங்கையில் நடந்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு அதைப் பற்றிச் சொல்ல ஏராளம் இருக்க வேண்டும். குழுவில் வந்தது "நெபுலா வின்னர்" என்ற இரண்டு சொல் மட்டும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது தமிழ். நாங்கள் எல்லாரும் தமிழர்கள். பேச்சு தமிழில்தான் ஓடுகிறது. அட்டைப்படங்களில் தமிழைக் காண்பது அபூர்வம். கேட்டால் எல்லாரும் சுஜாதா என்பார்கள். 2008இல் மறைந்தவரின் பெயரை நுழைவுச் சீட்டு மாதிரி காட்டிவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சுஜாதாவையும் யாரும் திரும்பப் படிப்பதில்லை. படித்தால், 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீவாவின் சர்வாதிகார நாடும் அதன் கண்காணிப்பும் இன்றைக்கும் கூராக இருப்பதையும், ஜீனோவின் குறும்பு அந்த அரசியலைப் பல இடங்களில் அமுக்கிவிடுவதையும் கவனிக்கலாம். சித்த மருத்துவம், ரசவாதம் போன்ற நம் மரபு அறிவுகளை அறிவியல் கேள்விகளோடு மோதவிட்ட ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு இந்தக் குழுவில் ஒருமுறைகூட வந்ததில்லை. 2018இல் தொடங்கி, அறிவியல் புனைவுக்கென்றே சிறுகதைப் போட்டி நடத்திய 'அரூ' இதழின் பெயர்கூடப் பலருக்குப் புதிது. பட்டர்வொர்த்துக்கு வடக்கே சுங்கைப் பட்டாணியில் இருக்கும் கே. பாலமுருகன் சிறுவர்களுக்காக 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' எழுதினார். ஓநாய் மனிதர்களைத் தேடி ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கம் போகிறவர்கள், பக்கத்து ஊர் ஓநாயைக் கண்டுகொள்வதில்லை.

இதைச் சொன்னால் ஒரு மறுப்பு வரும்: பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வந்து படிக்கிறோம், எங்களைத் தேர்வு எழுதச் சொல்லாதீர்கள். நியாயமான மறுப்பு. தரமான ஆங்கில மிகுபுனைவோடு ஒப்பிட்டால் தமிழில் பலவும் இளைத்துத் தெரியும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மொழிப்பற்றுக்காக யாரும் மோசமான கதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மோசம் என்று சொல்லவாவது யாராவது படிக்க வேண்டும். ஆங்கில நாவல் ஒன்றுக்கு எங்கள் குழுவின் மௌனத்தால் ஒரு குறையும் வராது. அதைப் பேச உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. தமிழில் எழுதுகிறவருக்கு நம்மைப் போன்ற சிறு குழுக்களைத் தவிர வேறு விமர்சகர் கிடையாது. இளைத்த கதை இளைத்ததாகவே அடுத்தடுத்து வருவதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

ஆகவே தேர்வு எழுத வேண்டாம். ஒரு வரி போதும். அடுத்த அட்டைப்படத்தை அனுப்பும்போது எத்தனையாவது பக்கத்தில் எரிச்சல் வந்தது, எந்த ஆள் தூங்கவிடவில்லை என்று கீழே எழுதுங்கள். பாதியில் மூடிவிட்டால் மூடியதையும் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு தமிழ்ப் புத்தகத்தையாவது எல்லாரும் ஒரே மாதத்தில் படிப்போம். பாலமுருகனின் அந்த நாவல் உங்களில் யார் வீட்டில் இருக்கிறதோ, அவர் கைதூக்கினால் அதிலிருந்தே தொடங்கலாம்.