64 எழுத்தும் ஒரு மைலோ டின்னும்

கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் உச்சி வரை யாரும் “சிக்னல் இல்லை” என்று சொல்லி நான் கேட்டதில்லை. “லைன் இல்ல” என்பார்கள். ஆகவே “அத்தை, இனிமே நாம சிக்னல்ல பேசிக்கலாம்” என்று நான் சொன்னபோது அவருக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை. “புலனத்துக்கு என்னா கேடு?” என்று மட்டும் கேட்டார். புலனம் என்றால் வாட்ஸ்அப். ஒன்பது வாரம் ஓடிவிட்டது. அந்தக் கேள்விக்கு இன்னமும் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

அத்தை பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறார். 31 வருடம் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். அவர் மகள் ஈப்போவில், என் தம்பி சிங்கப்பூரில், நான் தானா ராத்தாவில். இந்த நான்கு பேருக்குள் ஓடும் குடும்பப் பேச்சை மட்டும் சிக்னல் செயலிக்கு மாற்றினோம். செய்தி, குரல்பதிவு, வீடியோ அழைப்பு எல்லாம் புலனத்தில் இருக்கிறபடியே இதிலும் உண்டு. விளம்பரம் கிடையாது. நடத்துவது லாப நோக்கமில்லாத அறக்கட்டளை. அதற்கு 2018இல் 50 மில்லியன் டாலர் போட்டு வித்திட்ட பிரையன் ஆக்டன், புலனத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர். அதை ஃபேஸ்புக்குக்கு விற்று, கொஞ்ச காலம் உள்ளே இருந்து பார்த்துவிட்டு 2017இல் வெளியேறியவர். வீட்டை விற்ற பிறகு எதிர்வீட்டில் குடிவந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றத்துக்குக் காரணம் அத்தையின் பக்கத்து வீட்டு அக்கா. “தெரியாம உங்க நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பிட்டேன், கொஞ்சம் சொல்றீங்களா?” என்று தெரிந்தவர் பெயரில் வந்த செய்திக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் அவருடைய புலனம் வேறு யாரோ ஒருவன் கையில். தோட்டத்தில் பாதிப் பேருக்கு “அவசரம், 500 வெள்ளி வேணும்” என்று செய்தி போனது. இரண்டு பேர் அனுப்பியும்விட்டார்கள். அதன்பிறகுதான் மோசடிப் புகாருக்கு 997 என்று ஓர் எண் இருப்பதே லயத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

நியாயமாகச் சொன்னால் இந்த வலையில் சிக்னல்காரரும் விழலாம். இதிலும் பதிவு செய்யத் தொலைபேசி எண் வேண்டும், குறுஞ்செய்தியில் ஆறு இலக்கம் வரும். அதற்கு மேல் ஒரு பின் எண் போட்டுப் ‘பதிவுப் பூட்டு’ என்ற பொத்தானையும் தட்டிவைத்தால்தான் பாதுகாப்பு. புலனத்திலும் 2017 முதல் இரண்டாம் கட்டப் பின் எண் இருக்கிறது. லயத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று.

சிக்னல் நிஜமாகவே மேலானது வேறு இடத்தில். ஒரு காலத்தில் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, சொன்னதை இப்போது தோட்டத்துக் கணக்கரான கிராணி புலனக் குழுவில் போட்டுவிடுகிறார்: எந்த மலை, எத்தனை பேர், லாரி எத்தனை மணிக்கு. தமிழ்க் குரல்பதிவு, ரூமி எழுத்தில் மலாய், வங்காளதேசத்திலிருந்து வந்த பையன்களுக்காகப் படங்கள் என்று எல்லாம் கலந்து ஓடும் குழு அது. அதில் இருக்கிற ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். லயத்துப் பெண்பிள்ளைகளுக்கு ராத்திரி பத்து மணிக்கு முகம் தெரியாதவன் அழைப்பது அங்கிருந்துதான். சிக்னல் 2024இல் எண்ணை மறைத்துப் பயனர்பெயரைக் கொண்டுவந்தது. நம் எண்ணை முன்பே சேமித்து வைத்திருப்பவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் அது படாது. இந்த ஒன்றுக்காகவே அந்தப் பெண்பிள்ளைகளை இதற்கு இழுத்துவர நினைத்தேன். கிராணி அங்கே இருக்கும்வரை அவர்கள் எங்கே வருவார்கள்?

இனி என் எரிச்சல். பின் எண் போட்டீர்களா, அதோடு விடாது. அரை நாள் கழித்துக் கேட்கும், அப்புறம் ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள், பதினான்கு நாள். மறந்துவிடாமல் இருக்கவாம். வாய்ப்பாடு கேட்கும் வாத்தியார் மாதிரி, பிரம்புதான் பாக்கி. பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பின் எண்ணை ஒப்பித்திருக்கிறேன். இத்தனை சிரத்தையாகக் கேட்கிறதே, அந்த எண் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று நம்பிவிட்டேன். நம்பியது என் தப்பு.

ஐந்தாவது வாரம், மத்தியான மழையில் அத்தை வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டில் சறுக்கினேன். சட்டைப் பையிலிருந்த கைப்பேசி வாய்க்காலில் விழுந்து, குழாய்க்குள் போய், அந்தப் பக்கம் செத்துக் கிடந்தது. புதுக் கைப்பேசி வாங்கி, அதே சிம்மைப் போட்டு, பின் எண்ணைத் தட்டினேன். என் பெயர் வந்தது, என் படம் வந்தது, எங்கள் நான்கு பேர் குழு வந்தது. உள்ளே திறந்தால் ஒரு வரி இல்லை. கழுவித் துடைத்த பலகை.

பின் எண் காப்பாற்றுவது கணக்கையும் அமைப்புகளையும்தான். பேச்சு எல்லாம் கைப்பேசிக்குள் மட்டும் இருக்கும், கைப்பேசி போனால் கூடவே போகும். 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று சிக்னல்காரர்களிடம் பயனர் விவரம் கேட்டது. அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டு: கணக்குத் தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். இதைப் படித்தபோது பெருமையாக இருந்தது, நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். நீதிமன்றத்துக்கு விரித்துக் காட்டிய அதே வெறுங்கையை எனக்கும் காட்டுவார்கள் என்பது மட்டும் ஏனோ உறைக்கவில்லை. ஐந்து வாரத்தில் அத்தை அனுப்பியிருந்த குரல்பதிவுகள், ரசத்துக்கு எத்தனை மிளகு என்பது முதல் பிரிஞ்சாங் முருகன் கோயில் தேர் அன்று மழைக்குள் பேசியது வரை, எல்லாம் என் வரையில் வாய்க்காலோடு போயின.

பேக்கப் என்று ஒன்று இல்லாமல் இல்லை. ஆண்ட்ராய்டில் நெடுநாளாக ஒரு வழி இருந்தது. 30 இலக்கக் கடவுச்சொல் தரும், பேக்கப் கோப்பை அதே கைப்பேசியில் சேமிக்கும். அதை வேறெங்காவது நகலெடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. கைப்பேசி மூழ்கினால் கோப்பும் உடன்கட்டை ஏறும். 2025 செப்டம்பரில்தான் சிக்னலின் சொந்தச் சேமிப்பகத்தில் வைக்கும் வசதி வந்தது, முதலில் ஆண்ட்ராய்டுக்கு. எழுத்துச் செய்திகளும் கடைசி 45 நாள் படம், ஒலியும் இலவசம். பழையதும் வேண்டுமானால் மாதம் 1.99 டாலர். நாமாகத் தேடிப்போய் இயக்கினால்தான் உண்டு. நான் போகவில்லை.

புலனத்தில் இந்தத் தலைவலி கிடையாது. கூகுள் கணக்கில் நுழைந்தால் போதும், எட்டு வருடத்துக் ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூக்களும் வரிசையாக வந்து நிற்கும், 15 ஜிபி இலவச இடத்தைத் தின்றபடி. செய்தி போகும் வழியில் பூட்டு இரண்டுக்கும் ஒன்றுதான். சிக்னல் எழுதிய நெறிமுறையைத்தான் 2016 முதல் புலனமும் பயன்படுத்துகிறது. ஆனால் கூகுள் டிரைவுக்குப் போகிற பேக்கப்புக்குத் தனிப் பூட்டு வேண்டும். அந்த வசதி 2021இல் வந்தது, அதையும் நாமே போய்த் தட்டவேண்டும். எங்கள் வீட்டில் தட்டியவர் யாரும் இல்லை. முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு, கொல்லைக் கதவுக்குக் கொக்கிகூட இல்லை. ஆனாலும் கைப்பேசி செத்த அன்று சாயங்காலம் எனக்கு அந்தக் கொல்லைக் கதவுமேல்தான் ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மறு வாரம் அத்தையின் கைப்பேசியில் சிக்னலின் புதுப் பேக்கப்பை இயக்க உட்கார்ந்தேன். திரையில் மீட்புச் சாவி வந்தது: எழுத்தும் எண்ணும் கலந்து 64. இது தொலைந்தால் சிக்னலாலும் ஒன்றும் செய்யமுடியாது என்ற எச்சரிக்கை வேறு.

“இத எங்க வைக்கிறது அத்தை?”

“இதுக்குப் போயி யோசிக்கிறியே. படம் புடிச்சிப் புலனத்துல எனக்கே அனுப்பிடு.”

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்தச் செயலியைப் பயன்படுத்தும் நிறையப் பேர் செய்வது அதுவாகத்தான் இருக்கும். சாமி நகையைப் பூட்டிவிட்டுச் சாவியை ஒட்டுக்கடையில் கொடுத்து வைப்பது மாதிரி. சிக்னலை வடிவமைத்தவர்கள் மனதில் இருக்கும் ஆள் தனி அறை, தனிக் கைப்பேசி, கடவுச்சொற்களைக் காக்க இன்னொரு செயலி என்று வாழ்கிறவர். லயத்தில் ஒரு கைப்பேசியில் பாட்டி கோயில் பாட்டுக் கேட்பார், பேரன் விளையாடுவான், பக்கத்து வீட்டுக்காரர் டாப்-அப் தீர்ந்தால் வாங்கிப் பேசுவார். அங்கே ரகசியம் என்பது கைப்பேசிக்குள் இருக்கும் பொருளே இல்லை.

“புலனம் வேணாம் அத்தை. எழுதித்தான் வைக்கணும்.”

அத்தை எழுந்துபோய் அலமாரி மேலிருந்து மைலோ டின்னை இறக்கினார். பிறப்புப் பத்திரம், மாமாவின் பழைய ஐசி, சேமநிதித் தாள்கள், அடியில் ரப்பர் பேண்டு போட்ட நோட்டுப் புத்தகங்கள். ஒன்றைப் பிரித்தேன். தேதி, மலை நம்பர், கிலோ. தேதி, மலை நம்பர், கிலோ. ஒவ்வொரு நாளும் நிறுத்த கொழுந்தை, கிராணி தன் புத்தகத்தில் எழுதினாலும், அத்தை வீட்டுக்கு வந்து தன் நோட்டிலும் எழுதியிருக்கிறார். இது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

“அவுங்க புக்குல ஒன்னு இருக்கும், நம்ம கையில ஒன்னு இருக்கணும்ல. சம்பளத்தன்னைக்கு ரெண்டையும் வச்சிப் பாப்பேன்.”

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். மலாய் படித்த பழக்கத்தில் ரூமி எழுத்து வரும். நான் நான்கு நான்காக வாசிக்க, கடைசி நோட்டின் காலிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார். சாவியைச் சரிபார்க்கச் செயலி திரும்பக் கேட்டபோது அவர் வாசித்தார், நான் தட்டினேன். முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. அவர் மேலே தேதி போட்டார். மலை நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் யோசித்து, ‘போன்’ என்று எழுதினார்.

“இதுல நான் பேசினதெல்லாம் இருக்கும்ல?”

“எழுதினது எல்லாம் இருக்கும் அத்தை. பேசினது 45 நாளுக்குத்தான். அதுக்கு மேல வேணும்னா மாசாமாசம் ரெண்டு டாலர் கட்டணும்.”

அத்தை ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி நோட்டை டின்னுக்குள் வைத்து மூடினார்.

“நம்ம காசுல எம்புட்டு?”