தெற்கே அகத்தியர்

பிப்ரவரி நடுவில், இரவு 9 மணி வாக்கில், திருப்பதியில் ஒரு மொட்டை மாடியில் ஏறித் திருமலை முதுகுப் பக்கம் இருக்கத் தெற்கே பாருங்கள். உயரத்தில் பளீரென்று சிரியஸ். அதற்கு வெகு கீழே, அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் இரண்டரை முஷ்டி உயரத்தில், இரவு வானின் இரண்டாவது பிரகாசமான விண்மீன்: அகத்தியர். எனக்கு முதலாமதைவிட இவரே பிடித்தம். சித்தூரில் இம்மி உயரம் கூடும். டெல்லியில் 9 பாகையோடு சரி. லண்டனில் உதிப்பதே இல்லை.

சந்திரகிரி அருகே தொண்டவாடாவில், சுவர்ணமுகிக் கரையில், அவர் பெயர் தாங்கிய அகஸ்தீஸ்வரர் கோயிலும் உண்டு. ஆற்றங்கரையில் நின்று அந்த ஒளியைப் பார்ப்பது தனிச் சுகம். அது புறப்பட்டுச் சுமார் 310 ஆண்டுகள் ஆகின்றன.

ஏப்ரலுக்குள் பார்த்துவிடுங்கள். மே நடுவில் இருட்டிய சற்று நேரத்திலேயே மறைந்துவிடுவார்.