கள்ளும் குரவையும்: மது – இசைப் பொருத்தம் பற்றிய ஒரு திறனாய்வு

திராட்சை மதுவின் வகைக்கேற்ப இசையைத் தேர்ந்து, இரண்டையும் ஒருங்கே நுகரச் செய்யும் வழக்கம் மேலைநாடுகளில் ஒரு கலையாகவும் வணிகமாகவும் வளர்ந்துள்ளது. உளவியல் ஆய்வுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. இதனைக் காணும் தமிழறிஞர் ஒருவர், “இது நமக்குப் புதிதன்று, சங்கப் பாடல்களில் கள்ளும் பறையும் யாழும் இணைந்தே வருகின்றன” என்று கூறுவது எளிது. அக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. கள் இடம்பெறும் அடிகளை வகுப்பறையில் நாம் எங்ஙனம் கடந்து செல்கிறோம் என்ற வினாவும் இதனுள் அடங்கியிருப்பதால், ஆசிரியப் பெருமக்களும் இதில் கருத்துச் செலுத்துதல் வேண்டும்.

முதற்கண் மேலை ஆய்வுகளை நோக்குவோம். ஏட்ரியன் நார்த்தும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆங்கிலப் பேரங்காடியில் பிரெஞ்சு இசை ஒலித்த நாள்களில் பிரெஞ்சு மதுவும், ஜெர்மானிய இசை ஒலித்த நாள்களில் ஜெர்மானிய மதுவும் கூடுதலாக விற்றன. வாங்கியவர்களுள் மிகப் பெரும்பாலோர் இசையின் தாக்கத்தை உணரவில்லை. பின்னர் நார்த் 250 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஒரே மதுவை வெவ்வேறு இசையோடு பருகியவர்கள் வெவ்வேறு சுவையுடையதாக மதிப்பிட்டனர். கார்ல் ஓர்ஃபின் ‘கார்மினா புரானா’வைக் கேட்டவர்களுக்கு மது கனமும் வலிமையும் உடையதாகத் தோன்றிற்று, சாய்கோவ்ஸ்கியின் மலர் நடனத்தைக் கேட்டவர்களுக்கு அதே மது நுண்மையும் மென்மையும் உடையதாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் முதலியோர், உயர்ந்த சுருதி இனிப்போடும் தாழ்ந்த சுருதி கசப்போடும் மக்கள் மனத்தில் இணைவதைக் காட்டியுள்ளனர்.

இவ்வாய்வுகளின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. ‘கனமான’, ‘மென்மையான’ என்ற அடைமொழிகளை ஆய்வாளரே முன்கூட்டி வகுத்து, அவற்றுக்கேற்ற இசையைத் தேர்ந்து, பருகியவரிடம் அதே அடைமொழிகளைக் கொடுத்தே மதுவை அளக்கச் சொன்னார். அளக்கப்பட்டது நாவின் சுவையா, சொல்லின் சுவையா? ‘இன்னிசை’, ‘தேனிசை’ என நாச்சுவைச் சொல்லாலேயே இசையைக் குறித்துப் பழகிய தமிழருக்கு இவ்வையம் இயல்பாகவே எழும். இங்கு இன்னொன்றும் நோக்கத்தக்கது. பருகுவோர், இசைப்போர், மதுவை ஆக்குவோர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறியார். மது சிலி நாட்டது. இசை பதிவு செய்யப்பட்டது. பருகுபவர் ஸ்காட்லாந்தில் தனித்து இருப்பவர்.

சங்கப் பாடல்களின் நிலை வேறு. தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது உணா, பறை, யாழின் பகுதி ஆகியவற்றை ஒரே நிரலில் வைக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய உணவும், அதற்குரிய பறையும், அதற்குரிய பண்ணும் உண்டு என்பது அதன் கருத்து. உரைகளில் உணா என்பதற்குத் தினை, வரகு, நெல் போன்றவையே பெரிதும் சுட்டப்படுகின்றன; கள்ளை நிலவாரியாக வகுத்துக் காட்டும் அக்கறை உரையாசிரியர்களிடம் காணப்படவில்லை. ஆயின் பாடல்கள் அதனைச் செய்கின்றன.

திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடற் பகுதியில், நீண்ட மூங்கிற் குழாயில் விளைந்த தேனாலாகிய தேறலைக் குறவர் தம் சுற்றத்தோடு உண்டு மகிழ்ந்து, தொண்டகச் சிறுபறைக்கு இயையக் குரவை ஆடுகின்றனர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆயைப் பாடிய பாடலிலும் (புறம். 129) மூங்கிலில் முதிர்ந்த தேறலும், வேங்கை நிற்கும் முன்றிலும், குரவையும் ஒருங்கே வருகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டில் வடித்த தோப்பியைப் பருகி, விடையை வீழ்த்தி உண்டு, நடுவே தண்ணுமை முழங்கப் பகற்பொழுதிலேயே ஆடுகின்றனர். நெல்லிலிருந்து வடித்த கள்ளே தோப்பி என்பர். மலைக்குத் தேனின் தேறலும் தொண்டகமும், எயினர் மன்றத்துக்குத் தோப்பியும் தண்ணுமையும் என்ற இவ்வமைப்பு தற்செயலானதன்று. ஆயினும் இதனைப் ‘பொருத்தம்’ என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொருத்துவதற்கு முதலில் பிரிந்திருத்தல் வேண்டும். மூங்கிற்காட்டில் வாழ்பவனுக்குத் தேறலும் பறையும் தனித்தனியே கடைகளில் கிடைத்தவை அல்ல.

புறநானூற்று 24ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. மாங்குடி கிழார் அதில் காட்டும் பரதவர் உண்ணும் மது வெம்மை உடையது. அவர்கள் ஆடும் குரவையோ தண்ணியது. ஒத்ததை ஒத்ததோடு சேர்க்கும் இன்றைய பொருத்தக் கொள்கைக்கு மாறாக, இங்கு முரணே இயைபாகிறது. கடுவெயிலில் உழைத்த உடலுக்கு வெம்மையான மதுவும் குளிர்ந்த தாளமும் ஒருசேர வேண்டியிருந்தன போலும். இவ்விரு அடைகளையும் விளக்காது ‘பரதவர் மகிழ்ந்தாடினர்’ என்று மட்டும் பொழிப்புரை கூறிவிட்டால் பாடலின் உயிர்நாடி போய்விடுகிறது.

இறக்குமதி மதுவும் சங்கப் பாடல்களில் உண்டு. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய பாட்டில் (புறம். 56) யவனர் கொணர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி அளிக்கின்றனர். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகளின் உடைசல்கள் இவ்வணிகத்துக்குச் சான்று பகர்கின்றன. அப்பாடலில் கலம் உண்டு, மணம் உண்டு, மகளிர் உண்டு. அத்தேறலுக்கு உரிய பறையோ யாழோ இல்லை. ஒரு பாடலைக் கொண்டு விதி வகுத்தல் கூடாது. எனினும், அயல் மது தன் இசையை உடன்கொண்டு வரவில்லை என்பதும், புலவரும் அதற்கு ஓர் இசையைப் பொருத்தித் தரவில்லை என்பதும் கருதத்தக்கன.

பொருத்தம் என்ற சொல்லை நான் ஏற்கக்கூடிய ஓரிடம் அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் (புறம். 235). சிறிதளவு கள் கிடைப்பின் அதனை எங்களுக்கே தருவான். மிகுதியாகக் கிடைப்பின் எங்களுக்கு அளித்து, யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அவர் நினைவு கூர்கிறார். கள்ளின் சுவையோ பண்ணின் பெயரோ அங்குக் கூறப்படவில்லை. கள்ளின் அளவு மட்டுமே கூறப்படுகிறது. அளவு குறையும்போது பாட்டு நிபந்தனையன்று; கள் பாடுவோர்க்கே உரியது. பாடல் முடியும்போது பாடுநர் இல்லை, பாடுநர்க்கு ஈவோரும் இல்லை. கள்ளையும் பாட்டையும் இணைத்து வைத்தவன் மறைந்ததே அங்கு இழப்பாகிறது.

கள்ளைப் பற்றிய கண்டனத்தையும் திருக்குறளின் கள்ளுண்ணாமைக்குரியதாக மட்டும் கருத வேண்டியதில்லை. காலையிலேயே கள்ளுண்டு களித்திருப்பவன் தேரைக் கொடுத்தல் எவர்க்கும் எளிது, உண்ணாது தெளிந்திருந்து கொடுப்பவனே வள்ளல் என மலையமானைக் கபிலர் புகழ்கிறார் (புறம். 123).

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயாத் தோட்டப்புறங்களில் தென்னங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. அக்கடைகளை எதிர்த்து 1946–47இல் கெடாவில் தொண்டர் படை போராடியது. கூலியைக் கள்ளுக்கடையில் இழந்த குடும்பங்களின் வரலாறு அது. கள் வரும் அடிகளைத் தமிழாசிரியர் விரைந்து கடப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம். அதனை வெறும் கூச்சம் என்று ஒதுக்குதல் முறையன்று.

சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8ஆம் நாள் தேக்காவில் நிகழ்ந்த கலவரத்துக்குப் பின், 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது அருந்துதல் தீவெங்கும் தடுக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மட்டும் சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டு, அங்குச் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொதுவெளியில் அருந்துதல் தடுக்கப்பட்டது. வெளிநாட்டுத் தொழிலாளர்க்கு ஓய்வு கிட்டும் பொழுதும் அதுவே. ஒழுங்கு காக்கும் அரசின் கடமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. நகர மையத்து விடுதியில் மதுவும் இசையும் சேர்ந்தால் அது சுவையறிவு. கேலாங்கின் லோரோங்கு ஒன்றில் பியர்ப் புட்டியும் கைப்பேசியில் ஒலிக்கும் திரைப்பாட்டும் சேர்ந்தால் அது கண்காணிப்புக்குரியது. சுற்றத்தோடு திறந்தவெளியில் அமர்ந்து உண்டு பாடுதல் என்ற புறப்பாட்டின் சூழலுக்கு இவ்விரண்டில் எது அணித்து என்று கூறத் தேவையில்லை.

ஆதலின் 235ஆம் பாடலைப் பயிற்றும்போது கள் என்ற சொல்லை ‘பானம்’ என்று மாற்றியுரைப்பதைக் கைவிடலாம். கள் சிறிதாயின் யாருக்கு, பெரிதாயின் யார் யாருக்கு, அப்போது பாடுபவர் யார் என்ற மூன்று வினாக்களை மாணவரிடம் முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் தொண்டர் படையின் வரலாற்றையும் கபிலரின் 123ஆம் பாடலையும் அவர்கள் முன் வைக்கலாம். மாணவர் உயர்நிலை வகுப்பினராயின், 24ஆம் பாடலின் வெம்மையையும் தண்மையையும் அவர்களே கண்டெடுக்க ஒரு பாடவேளை போதும்.