ஏறியவர் யார்? வழிகாட்டியோடு செல்லும் எவரெஸ்ட் பயண நூல்களில் கருத்தா

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன், பயண இலக்கியப் பாடத்தின் ஒரு பகுதியாக, மாணவர்கள் தாம் மேற்கொண்ட பயணம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதிவருமாறு இக்கட்டுரையாளர் பணித்திருந்தார். மாணவர் ஒருவர், நேப்பாளத்தில் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை வழிகாட்டியோடு சென்றுவந்த நடைப்பயணத்தை எழுதியிருந்தார். நாம்சே பசார், தெங்போச்சே மடாலயம், கோரக் ஷெப் எனப் படிப்படியாக உயரும் பாதையும், ஏறத்தாழ 5,364 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்க நின்ற கணமும் அதில் நன்கு விவரிக்கப்பட்டிருந்தன. ஆயினும், அத்தனை நாளும் அம்மாணவரின் பையைச் சுமந்து நடந்த மனிதர் கட்டுரையில் எங்கும் இடம்பெறவில்லை. 'எங்கள் பைகள் எங்களுக்கு முன்பே விடுதியை அடைந்திருந்தன' என்ற ஒரு தொடர் மட்டுமே இருந்தது. பைகள் தாமே நடந்து சென்றனபோல் அத்தொடர் அமைந்திருந்தது.

இதனை ஒரு மாணவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட இயலாது. இமயச் சிகரங்களுக்கு வழிகாட்டியோடு செல்லும் பயணங்களைப் பற்றிய புகழ்பெற்ற நூல்களிலும் 'ஏறினேன்' என்னும் வினைமுற்றின் கருத்தா யார் என்ற சிக்கல் தொடர்ந்து வருகிறது. அச்சிக்கலைத் தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தாவும் உடனிகழ்ச்சியும்

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்கள் உண்டு என்பதை நன்னூல் பயின்றோர் அறிவர். கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகைப்படுத்துவது மரபு. கோயில் அரசனால் கட்டப்பட்டது என்னுமிடத்து அரசன் ஏவுதற் கருத்தா. அதே கோயில் தச்சனால் கட்டப்பட்டது என்னுமிடத்துத் தச்சன் இயற்றுதற் கருத்தா. இலக்கணம் இரண்டையும் ஏற்கிறது. வரலாறு பெரும்பாலும் முதல் தொடரையே நினைவில் வைத்துக்கொள்கிறது.

உடனிகழ்ச்சி பற்றித் தொல்காப்பியம் கூறும் விதியும் ஈண்டு நோக்கத்தக்கது. இருவர் ஒரு வினையை உடன் நிகழ்த்தும்போது, ஒடு என்னும் உருபு அவருள் உயர்ந்தவரின் பெயரைச் சார்ந்து வரும் என்பது அவ்விதி. ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்பதே இயல்பான வழக்கு. அவ்வாறாயின், ஷெர்பாவோடு நான் ஏறினேன் என்று ஒரு பயணி எழுதும்போது, அத்தொடர் ஷெர்பாவையே உயர்ந்தவராக வைக்கிறது. பணம் செலுத்தியவர், பணி செய்பவர் என்று பார்த்தால் உயர்வு ஒரு பக்கமாகவும், மலையை அறிந்தவர், அறியாதவர் என்று பார்த்தால் உயர்வு மறுபக்கமாகவும் அமைகிறது. வழிகாட்டியோடு செல்லும் மலையேற்ற நூல்களின் உள்முரண் இதுவே எனலாம்.

கோயில் கட்டிய அரசன் கல் சுமப்பதில்லை. ஆனால் கட்டணம் செலுத்தி மலையேறுபவர் தம் கால்களாலேயே ஏறுகிறார். அவருக்காக மற்றொருவர் மூச்சு விட இயலாது. ஆகவே, அவர் ஒரே வேளையில் ஏவுவோராகவும் இயற்றுவோராகவும் விளங்குகிறார். தம் உடல்பட்ட துன்பம் மெய்யானது என்பதாலேயே, அத்துன்பத்தைச் சாத்தியமாக்கிய பிறர் உழைப்பு அவர் கண்ணுக்கு எளிதில் மறைந்துவிடுகிறது.

1953: யார் முதலில்?

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். ஜான் ஹண்ட் தலைமையிலான அக்குழுவின் பொருள்களை மலையடிவாரம் வரை சுமந்தவர் 350க்கும் மேற்பட்டோர். உச்சியை முதலில் மிதித்தவர் யார் என்ற வினா உடனே எழுந்தது. இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே அடைந்தனர் என்று கூட்டறிக்கை ஒன்று வெளியிடப்பட்டும் அது அடங்கவில்லை. ஹண்டும் ஹிலாரியும் 'சர்' பட்டம் பெற்றனர். டென்சிங்கிற்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. ஒரே வினையைச் செய்த இருவருக்கு இருவேறு தகுதிகள் அளிக்கப்பட்டன.

1955இல் வெளிவந்த டென்சிங்கின் தன்வரலாறு, 'மேன் ஆஃப் எவரெஸ்ட்' என்ற பெயரில் இங்கிலாந்தில் அறியப்பட்டது. எழுதப் படிக்க அறியாத டென்சிங் சொல்ல, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதிய நூல் அது. ஹிலாரியே முதலில் கால் வைத்தார், தாம் அடுத்து வைத்தோம் என்று டென்சிங் அதில் வெளிப்படையாகக் கூறுகிறார். இருவரையும் இணைத்திருந்த கயிற்றில் அவர்களுக்கிடையே சில அடி இடைவெளியே இருந்தது என்றும் விளக்குகிறார்.

இவ்வாக்குமூலத்தை அடக்கத்தின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது பொருந்தாது. 1935இல் சுமைதூக்கியாக எவரெஸ்டுக்கு முதன்முதலில் சென்றவர், பல பயணங்களுக்குப் பின் கயிற்றின் மறுமுனையில் சமமாக நின்று ஏறியவர், 'யார் முதலில்' என்ற வினாவே கயிற்றின் தன்மையை அறியாதோர் எழுப்பியது என்பதை உணர்த்துகிறார். கயிற்றில் கட்டுண்ட இருவருள் ஒருவரை மட்டும் கருத்தாவாகப் பிரித்தெடுத்தல் இயலாது என்பதே அவர் கூற்றின் சாரம். ஆயினும், இதனைக்கூட அவர் மற்றொருவரின் எழுதுகோல் வழியாகவே உலகிற்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது.

1996: உடன் நிற்பது யாது?

1985இல் அமெரிக்கச் செல்வந்தர் டிக் பாஸ், தேர்ந்த மலையேறுநரான டேவிட் பிரீஷியர்ஸோடு எவரெஸ்ட் ஏறினார். அதன்பின், கட்டணம் பெற்று ஆள்களை அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் பெருகின. 1996ஆம் ஆண்டு மே 10, 11ஆம் நாள்களில் புயலில் சிக்கி எண்மர் உயிரிழந்த நிகழ்வு இவ்வணிகத்தின் மீது உலகின் கவனத்தைத் திருப்பியது. ராப் ஹாலின் குழுவில் இதழாளராகச் சென்ற ஜான் கிராக்கவர் 1997இல் 'இன்டு தின் ஏர்' நூலை வெளியிட்டார். அக்குழுவில் சேர ஒருவருக்கான கட்டணம் 65,000 அமெரிக்க டாலர். அதே ஆண்டில், ஸ்காட் ஃபிஷரின் குழுவில் வழிகாட்டியாக இருந்த அனத்தோலி புக்ரேயெவ், வெஸ்டன் டிவால்ட்டோடு இணைந்து 'தி கிளைம்ப்' நூலின்வழி மறுமொழி அளித்தார்.

இவ்விரு நூல்களின் வழக்கு உடனிகழ்ச்சி பற்றியதே. வழிகாட்டி செயற்கை உயிர்வளியின்றி ஏறியதும், தம் பொறுப்பிலிருந்தோருக்கு முன்பே முகாமுக்கு இறங்கியதும் கடமைக்கு ஒவ்வா என்பது கிராக்கவரின் வாதம். கீழே வலுவோடு காத்திருந்து, தேவைப்படும்போது மேலேறி உதவுவதே தம் திட்டமாக இருந்தது என்பது புக்ரேயெவின் விளக்கம். அவ்விரவில் அவர் புயலினூடே தனியாகச் சென்று மூவரை முகாமுக்கு மீட்டுக் கொணர்ந்தார். அருகில் நடப்பவர்தாம் உடன் இருப்பவரா, அல்லது ஆபத்தில் வந்து சேர வல்லவரும் உடன் இருப்பவர்தாமா? கட்டணம் செலுத்தியவர் முன்னதை எதிர்பார்க்கிறார். மலை அறிந்தவர் பின்னதை நம்புகிறார். இருவர் வாதத்திலும் நியாயம் உண்டு. எனினும், அவ்விரவில் மூவர் உயிர் பிழைத்தமைக்குப் பின்னதே காரணமாயிற்று என்பதை மறுத்தற்கில்லை.

கிராக்கவரின் நூலில் பாராட்டத்தக்க நேர்மை ஒன்று உண்டு. ஆண்டி ஹாரிஸ் என்னும் வழிகாட்டியை முகாமுக்கு அருகில் கண்டதாகத் தாம் முதலில் இதழில் எழுதியது பிழையென்றும், தாம் கண்டவர் வேறொருவர் என்றும் நூலில் அவரே திருத்துகிறார். அவ்வுயரத்தில் தன் கண்ணையே நம்ப இயலாத ஒருவர், பிறர் செயலுக்குத் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு இடர்மிக்கது என்பதை இத்திருத்தம் காட்டுகிறது.

ஆயினும், இரு நூல்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. வழக்காடுவோர் இருவரும் வெளிநாட்டவர். ஃபிஷர் குழுவின் ஷெர்பாக்களுக்குத் தலைவராக இருந்த லொப்சாங் ஜங்பு, மேலே கயிறு கட்டுவதற்கு முன்செல்லாமல் ஒரு பெண் பயணியைக் கயிற்றால் இழுத்துச் சென்றார் என்ற விமர்சனத்துக்கு ஆளானார். தம் தரப்பை நூலாக எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பரிலேயே எவரெஸ்டில் பனிச்சரிவில் மாண்டார். அதே குழுவின் ஙவாங் தொப்சே ஷெர்பா ஏப்ரலில் மேல்முகாமில் நுரையீரல் நீர்க்கோப்பால் வீழ்ந்து, ஜூனில் உயிர் துறந்தார். எண்மர் என்னும் கணக்கில் அவர் சேர்க்கப்படவில்லை. உச்சியை நோக்கிய அந்த இரு நாள்களையே கதையின் எல்லையாகக் கொண்டால், அவ்வெல்லைக்கு வெளியே மாண்டவருக்குக் கதையில் இடமில்லாமற் போகிறது.

2014: கதை சொல்வோர் மாறுதல்

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கும்பு பனியருவியில் பனிப்பாளம் சரிந்து பதினாறு நேப்பாளத் தொழிலாளர் உயிரிழந்தனர். கட்டணம் செலுத்திச் சென்ற பயணி ஒருவரும் அதில் இறக்கவில்லை. பயணிகள் பனியருவியைச் சில முறைகளே கடக்கின்றனர். கூடாரமும் உணவும் உயிர்வளிக் கலங்களும் சுமப்போர் பன்முறை கடந்தாக வேண்டும். அரசு முதலில் அறிவித்த உதவித்தொகை குடும்பத்திற்கு 40,000 நேப்பாள ரூபாய், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 400 டாலர். சினமுற்ற தொழிலாளர் ஏற மறுத்தனர். நேப்பாளப் பக்கத்தில் அப்பருவத்தின் பயணங்கள் நின்றன.

ஜெனிபர் பீடம் இயக்கிய 'ஷெர்பா' என்னும் ஆவணப்படம் 2015இல் வெளிவந்தது. இருபத்தொரு முறை உச்சி கண்ட புர்பா தாஷி என்பவரையும், அவர் மீண்டும் செல்வதை விரும்பாத குடும்பத்தையும் அப்படம் நடுவில் வைக்கிறது. இயற்றுதற் கருத்தா முதன்முறையாக 'மாட்டேன்' என்று கூறியதை இவ்வணிகம் கேட்க நேர்ந்தது. ஏவுவோர் எத்துணைப் பேர் இருப்பினும், இயற்றுவோர் நின்றால் வினை நின்றுவிடும் என்ற எளிய உண்மை அன்றுதான் பலருக்கு விளங்கிற்று.

மலேசிய வாசகரும் இவ்வினாவும்

1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர் ஆயினர். அவ்விருவரும் தமிழர் என்பது நம் சமூகத்திற்கு நியாயமான பெருமை. அப்பயணத்திலும் ஷெர்பாக்கள் உடனிருந்தனர். அவர்தம் பெயர்களை அறிந்தவர் உண்டா என இக்கட்டுரையாளர் ஆண்டுதோறும் வகுப்பில் வினவுவதுண்டு. இதுவரை விடை கிடைத்ததில்லை. வினவியவரும் அப்பெயர்களைத் தேடி அறிந்தவரல்லர் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

இந்நாட்டில் காடழித்து ரப்பர் நட்டவர்களும், தண்டவாளம் பதித்தவர்களும் நம் முன்னோர். தோட்டத்தை இன்ன துரை உருவாக்கினார் என்று எழுதப்பட்ட வரலாற்றில், ஏவுதற் கருத்தாவின் பெயர் மட்டுமே நின்றதைக் குறித்து நாம் நெடுங்காலமாக வருந்திவருகிறோம். அவ்வருத்தம் மெய்யானதாயின், நாம் கட்டணம் செலுத்திப் பிறர் முதுகில் சுமையேற்றும் நிலையை அடையும்போது அது நம்மை வழிநடத்த வேண்டும். நம்மை மறந்தவர்களிடம் நாம் கேட்கும் நீதியை, நம் பையைச் சுமந்தவருக்கு மறுப்பது முறையன்று.

முடிவுரை

பயணி தம் அனுபவத்தைத் தன்மையில் எழுதலாகாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவர் ஏறியது உண்மை. ஆனால் அவ்வினைக்கு உரியோர் பலர் என்பதும் உண்மை. ஏணி வைத்தவர், கயிறு கட்டியவர், சுமந்தவர், சமைத்தவர் ஆகியோரைப் பெயரோடும் வினையோடும் எழுதுதலே இவ்வகை நூல்களை மதிப்பிடும் முதல் அளவுகோலாக அமைதல் வேண்டும். சுமப்போர் அனைவரையும் ஷெர்பா என்று பொதுப்படச் சொல்வதும் தவிர்க்கத்தக்கது. ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர். நடைப்பாதைகளில் சுமப்போருள் ராய், தமாங் இனத்தவரும் பலர். 2021 ஜனவரி 16ஆம் நாள், குளிர்காலத்தில் எவரும் ஏறியிராத கே2 சிகரத்தை அடைந்த நேப்பாளியர் பதின்மர், உச்சிக்குச் சற்று முன் ஒருவருக்கொருவர் காத்திருந்து ஒன்றாகக் கால் பதித்தனர். 1953இன் வினாவுக்கு அவர்கள் இடமே வைக்கவில்லை.

முற்குறித்த மாணவரிடம் கட்டுரை திருப்பித் தரப்பட்டு, பையைச் சுமந்தவரைப் பற்றி எழுதுமாறு கூறப்பட்டது. அம்மனிதரின் நிழற்படம் அவரிடம் இருந்தது, பெயர் இல்லை. திருத்திய படியில் அவர் இவ்வாறு எழுதியிருந்தார்: 'எங்கள் பைகளைச் சுமந்தவர் எங்களுக்கு முன்பே விடுதியை அடைந்திருந்தார். அவர் பெயரை நான் கேட்கவில்லை.' அக்கட்டுரையில் மிகச் சிறந்த தொடர்கள் அவ்விரண்டுமே.