பட்டம் வாங்கினால் பக்தி போய்விடுமா?

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புங்கள், மூடநம்பிக்கை தானாக ஓடிவிடும் என்று பகுத்தறிவு மேடைகளில் இன்றும் பேசுகிறார்கள். காலேஜுக்குப் போனதும் பையன் நெற்றியில் விபூதியைக் காணோமே என்று அம்மாக்கள் கவலைப்படுவதும் இதே கணக்குதான். இரு தரப்புமே நம் கல்லூரிகளுக்கு அளவுக்கு மீறிப் பெருமை சேர்க்கின்றன.

கணக்கு முழுப் பொய்யல்ல. விடுதி அறைகளில்தான் பலர் முதன்முதலாகப் பெரியாரைப் படித்தார்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட கணக்கில், மதத்தை மிக முக்கியமாகக் கருதுவோர் பட்டதாரிகளிடையே குறைவு. ஆனால் கிறிஸ்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், அதிகம் படித்தவர்களும் மற்றவர்களுக்கு இணையாகவே தேவாலயம் போகிறார்கள்.

நம்மூருக்கு வருவோம். ஹைதராபாத் அருகே சில்குர் பாலாஜிக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர். வேண்டிக்கொள்ள 11 சுற்று, பலித்தால் 108. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கத் துடிக்கும் பி.டெக். பட்டதாரிகள் அங்கே கூட்டம் கூட்டமாகச் சுற்றுகிறார்கள். கட்-ஆஃப், அரியர், கேம்பஸ் இன்டர்வியூ, விசா என்று படிப்பு ஏற ஏற, தன் கையில் இல்லாதவையும் ஏறுகின்றன. நேர்த்திக்கடன் ஏன் குறையும்?

ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் படுவது பக்தியே அல்ல, பாடம் நடத்தும் முறை. ஆய்வகத்தில் என்ன அளவு வரவேண்டும் என்பது சீனியரின் ரெக்கார்டு நோட்டில் முன்பே இருக்கிறது. மாணவன் அதைப் பார்த்து எழுதுகிறான், ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார். சோதனையில் வேறு அளவு வந்தால், அது ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. திருத்தி எழுதச் சொல்கிறார்கள். நான்கு வருடம் இப்படிப் பழகியவன் ஜாதகக் கட்டத்தை மட்டும் சந்தேகிப்பான் என்று எதை வைத்து எதிர்பார்க்கிறோம்?

அறிவியல் மனப்பான்மையைக் குடிமகனின் கடமையாக அரசியல் சட்டத்தில் எழுதியது 1976இல். பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்துக்குப் பட்டப்படிப்பு கொண்டுவந்தது 2001இல். அதை எதிர்த்து விஞ்ஞானி பி.எம். பார்கவா தொடுத்த வழக்கு 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. ஆகவே சந்திரயான்-3இன் மாதிரியோடு 2023இல் விஞ்ஞானிகள் திருப்பதி போனதைக் கேலி செய்தவர்களோடு என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அவர்கள் படித்த படிப்புக்கும் அந்தப் பயணத்துக்கும் எந்த முரணும் இல்லை. மேடையில் கடவுளை விளாசுகிறவர்கள், ஒரே ஒரு முறையாவது ரெக்கார்டு நோட்டுக்கு எதிராகப் போராட்டம் அறிவித்திருக்கலாம்.